எல்லா வீட்டிலும் சாப்பிட்டாச்சு

ஆவணி 10, வியாழன்

இந்த டைரியை அவர் வெல்லமண்டியிலிருந்து கொண்டுவந்தார். போன வருஷத்து டைரி, அச்சடித்த தேதி எதுவும் பொருந்தாது. அடித்துவிட்டு மேலே தமிழ் மாதத்தை எழுதிக்கொள்கிறேன். "எட்டாவது படிச்ச பொண்ணு, எழுத்து மறந்துடப் போவுது, எழுது" என்றார். என்னைக் கேலி செய்ய அவருக்கு இன்னும் ஒரு விஷயம் வேண்டும், அவ்வளவுதான்.

எழுத என்ன இருக்கிறது? கேழ்வரகு நன்றாக வந்திருக்கிறது. போன வருஷம் மழையில்லாமல் கதிரே பிடிக்காத அதே காடு, இந்த வருஷம் ஆடியிலேயே நனைந்து, நட்ட நாற்றெல்லாம் பச்சைப் பிடித்து நிற்கிறது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஆசையாக இருக்கிறது. கார்த்திகையில் அறுத்துவிடலாம்.

அதுவரை மங்கைக்குக் கூழ் காய்ச்சப் பானையில் மாவு இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன், பிள்ளை ஒருத்திக்கு வரும். எனக்குக் கொஞ்ச நாளாகப் பித்தம். காலையில் எதுவும் இறங்குவதில்லை. அவருக்குக் கவலையில்லை, போகிற இடத்தில் சாப்பிட்டுவிடுகிறார்.

ஆவணி 13, ஞாயிறு

பண்ணைக்கீரை. உப்பு மட்டும் போட்டு வேகவைத்தது. மங்கை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆவணி 17, வியாழன்

காவேரியக்கா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. நடுவில் ஒரு புளியமரமும், அதன் பழம் யாருக்கு என்கிற வம்பும் இருக்கின்றன. அவள் குரல் வந்த பிறகுதான் அவள் வருவாள்.

"சாலா! சாப்டாச்சா?"

"ஆச்சுக்கா. நீங்க?"

"இப்பத்தான். ரெண்டு உருண்ட களி. மூணாவத எறக்க முடியலடி, வயசாயிடுச்சி."

எனக்கு வயிறு எரிந்தது. போன வருஷம் எல்லார் காடும் ஒன்றாகத்தானே காய்ந்தது? இவள் வீட்டில் மட்டும் மூன்றாவது உருண்டை மிச்சமாகிற அளவுக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவைக் கேட்டாலும் "ஆச்சு". சின்னபாப்பாவைக் கேட்டாலும் "ஆச்சு". எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் ஆகிவிடுகிறது.

மங்கையையும் பழக்கி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் "ஆச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். என் அம்மா வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். வீட்டுக்குள் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், "இல்லை" என்கிற அந்த ஒரு வார்த்தை வாசப்படி தாண்டக்கூடாது. நான் வாசப்படிக்கு உள்ளேயும் சொல்ல விடுவதில்லை.

ஆவணி 20, ஞாயிறு

களை. கோரையும் அருகும் பண்ணையும் கேழ்வரகுக்குச் சமமாக எழும்பிவிட்டன.

"கவலப்படாத, களைய நாமளே தின்னு தீத்துடலாம்" என்கிறார் அவர். கீரையாகிற களை கொஞ்சம்தான். கோரையை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

எங்கள் ஊரில் களைக்குக் கூலி கிடையாது, மாற்றாள்தான். இன்று எல்லாரும் என் காட்டில், அடுத்து எல்லாரும் உன் காட்டில். முதலில் நட்டவர்களுக்கு முதல் முறை. இந்த வருஷம் முதலில் நட்டது நாங்கள். அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் நான்தான். கூலி இல்லையே தவிர, வந்தவர்களுக்கு மதியம் காட்டுக்காரி களி கிளறிப் போட வேண்டும். பத்துப் பெண்களுக்குக் களி கிளறினால் மங்கையின் பானை ஒரே மதியத்தில் காலி.

காவேரியக்கா வந்தாள். "எப்ப கூப்புடப் போற? நீ கூப்புட்டாத்தான் அடுத்து எங்க காடு."

"மண்ணு ஈரமா இருக்குதுக்கா. கொஞ்சம் காயட்டும்."

எப்போதும் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், "அதுவும் சரிதான்" என்று போய்விட்டாள்.

ஆவணி 26, சனி

மண் காய்ந்துவிட்டது. இப்போது அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். காய்ச்சல்காரர் என்னோடு காட்டில் களைக்கொத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பச்சையம்மா பார்த்துவிட்டாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊருக்கு என்னவோ ஆகிவிட்டது.

இரண்டு பேர் எடுத்து முடிகிற களையா இது? இந்த முனையில் எடுத்துக்கொண்டு போனால் அந்த முனையில் எழும்பி நிற்கிறது. மேற்கு மூலையில் பயிர் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்துக்குள் எடுக்காவிட்டால் கார்த்திகையில் கோரைதான் அறுக்க வேண்டும்.

நடுவில் எனக்குக் கண்ணைக் கட்டியது. வெயில்.

வீட்டுக்கு வந்ததும், அரைஞாண் கயிறு நழுவுகிறது, முடிச்சை இறுக்கிப் போடு என்றார். பழைய கயிறு, நைந்து நீண்டுவிட்டது போலிருக்கிறது. ஒரு விரற்கடை இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் என்றார்.

ஆவணி 30, புதன்

தண்ணீர் எடுக்கப் போனபோது பளிச்சென்று தோன்றியது. புரட்டாசி பிறக்கிறது!

புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் பக்கம் எல்லாருக்கும் ஒருபொழுது. பெருமாளுக்குத் தளிகை போட்டுக் கும்பிடுகிற வரைக்கும் யாரும் வாயில் எதுவும் போடமாட்டார்கள். அன்றைக்குக் களைக்குக் கூப்பிட்டால் மதியம் யாருக்கும் களி போட வேண்டியதில்லை. பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் தளிகையைச் சாப்பிட்டுக்கொள்வார்கள். காடும் சுத்தம், பானையும் பத்திரம்.

எட்டாவது படித்தது வீண்போகவில்லை.

புரட்டாசி 4, திங்கள்

காவேரியக்காவிடம் சொன்னேன். "சனிக்கிழமையா? ஒருபொழுதோட குனிஞ்சி களை எடுக்கறதா?" என்று கேட்டாள். பிறகு என்னவோ யோசித்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல நாளுடி. நானே எல்லாருக்கும் சொல்லிடறன், நீ அலையாத."

பாவம், நல்லவள்தான். புளியம்பழ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அப்படி.

புரட்டாசி 6, புதன்

அவள் நல்லவளும் இல்லை ஒன்றும் இல்லை.

காலையில் வந்து வாசலில் நின்று சொல்கிறாள்: "எல்லாருக்கும் சொல்லிட்டன் சாலா. வூட்டுக்கு வூடு தனித்தனியா தளிகை எதுக்கு? களை எடுத்த கையோட உங்காட்டுலயே ஒரே தளிகையா போட்டுடலாம், புள்ளைங்களும் வந்துடும்னு. உங்கம்மா வூட்டு அரிசிதான் இருக்குமே."

தளிகை என்றால் சோறு. களிகூட இல்லை, அரிசிச் சோறு! பத்துப் பெண்களுக்கும் அவர்கள் பெற்றதுகளுக்கும்.

நான் "அதுக்கென்னக்கா, போட்டுடலாம்" என்றேன். என் வாய்தான் சொன்னது. வாயை என்ன செய்வது?

அவரிடம் சொன்னதும் சிரித்தார். நின்று சிரிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார். "களிய மிச்சம் புடிக்கப் போயி சோத்துல மாட்டிக்கினியா, பெரிய வூட்டுப் பொண்ணே!" மத்து கையில் இருந்தது. எறியவில்லை.

அம்மா வீட்டு அரிசி பொங்கலுக்கு வந்தது. சிவப்பரிசி. இப்போது இருப்பது ஒரு கை. மங்கைக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சிக்கு என்று துணியில் முடிந்து வைத்திருக்கிறேன்.

புரட்டாசி 8, வெள்ளி

அவர் சொன்ன வழி: நாமம் போட்டுக்கொண்டு, சொம்புக்கும் நாமம் போட்டு, வீடு வீடாகப் போய் "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்குவது. புரட்டாசிச் சனிக்கு இது எல்லாரும் செய்வதுதான். பெரிய பண்ணைக்காரர்கள்கூட வேண்டிக்கொண்டு சொம்பு ஏந்துவார்கள். பிச்சை எடுத்த அரிசியில் பொங்கினால்தான் பெருமாளுக்குப் பிடிக்குமாம். வாசலில் கோவிந்தா கேட்டால் யாரும் இல்லையென்று அனுப்பக்கூடாது.

"இருக்கிறவங்க ஏந்தினா வேண்டுதல். நாம ஏந்தினா என்ன மாமா?"

"நாம ஏந்தினாலும் வேண்டுதல்தான் சாலா. கேக்கறது பெருமாளு, நாம சும்மா சொம்ப புடிக்கறம்."

நான் வரமாட்டேன் என்றேன். இந்த ஊரில் வாழ வந்த நாளிலிருந்து யார் வாசலிலும் கை நீட்டியதில்லை. ஒரு கரண்டி உப்பு கடன் கேட்டதில்லை. நாளைக்கும் மாட்டேன். அப்பனும் மகளும் போகட்டும்.

புரட்டாசி 9, சனி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

விடிந்ததும் முதல் கோவிந்தா எங்கள் வாசலில். பச்சையம்மாவின் பிள்ளைகள், நெற்றி நிறைய நாமம். இல்லையென்று அனுப்பக்கூடாது. உள்ளே போய் நின்றேன். துணி முடிச்சை அவிழ்த்துப் பாதி போடலாம் என்று பார்த்தேன். பாதி என்றால் நாலைந்து விரலில் ஒட்டுகிற அரிசி. வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்.

பிறகு இவர்கள் இருவரும் கிளம்பினார்கள். மங்கை குளித்து நாமம் போட்டுச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்தார். எழுந்தவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், "சட்டையில பட்டன் இல்ல பாத்தியா" என்றார்.

போகிற இடத்தில் சாப்பிடுகிறவர் இப்படித்தான் நிற்பாரா?

மங்கை கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டு, நெற்றியில் நாமத்தை இழுத்துக்கொண்டு, "நீங்க உக்காருங்க, நான் போறன்" என்றேன். அவர் வாயைத் திறந்தார். "கேலி பண்ணினா சொம்பு தலைமேல வரும்" என்றேன். மூடிக்கொண்டார்.

முதல் வாசலில் மங்கைதான் கத்தினாள், "கோவிந்தா! கோவிந்தா!" என்று. சின்னபாப்பா வந்து போட்டாள். நொய்யரிசி, ஒரு கைகூட நிறையவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டில் வெகு நேரம் கழித்து வந்தார்கள். உள்ளே பானையின் அடியைப் படி சுரண்டுகிற சத்தம் வெளியே கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் வீட்டில் தினம் கேட்கிற சத்தம். அதற்கடுத்த வீட்டிலும் அதே சத்தம்.

திரும்பி வருகிறபோது புளியமரத்தடியில் எதிரே காவேரியக்கா வந்தாள். அவள் நெற்றியில் என்னுடையதைவிடப் பெரிய நாமம். கையில் சொம்பு. எங்கள் வீட்டுப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

"வேண்டுதல்" என்றாள்.

"எனக்கும் வேண்டுதல்தான்க்கா" என்றேன்.

மங்கை எட்டி அவள் சொம்புக்குள் பார்த்தாள். "அம்மா, நம்ம சிவப்பரிசி!" என்றாள்.

பார்த்தேன். வெள்ளை அரிசிக்கு நடுவில் சிவப்பு. காலையில் பச்சையம்மாவின் பிள்ளைகளுக்கு நான் போட்டது, அவள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து காவேரியக்கா சொம்புக்கு வந்திருக்கிறது. அக்கா என் சொம்புக்குள் பார்த்தாள்.

"அந்த நொய்யி எங்க வூட்டுது" என்றாள். "காலங்காத்தால சின்னபாப்பா மவளுக்குப் போட்டது."

ஊரில் இருந்த அரிசியே அவ்வளவுதான். அது காலையிலிருந்து கோவிந்தா சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்தது.

அக்கா மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "சாலா, நீ கடைசியா எப்ப களி தின்ன?"

"நேத்து" என்றேன். அது பழக்கத்தில் வந்துவிட்டது.

"பொய் சொல்லாத. நான் தின்னு எத்தன நாளாச்சின்னு எனக்கே தெரியல."

"மூணாவது உருண்ட எறங்கலன்னு சொன்னீங்களே!"

"முழுசா ஒண்ணு இருந்தாத்தானடி மூணாவது? நீ பெரிய வூட்டுப் பொண்ணு, உன்கிட்ட கண்டிப்பா இருக்கும், உங்காட்டுல தளிகைன்னு சொல்லிட்டா ஊருப் புள்ளைங்க ஒருவேள சோறு திங்கும்னு நெனச்சன்."

"நீங்க வச்சிருக்கீங்கன்னு நெனச்சி நான் உங்கள எத்தன நாளு வயித்தெரிச்சல் பட்டன் தெரியுமாக்கா!"

"படு படு. புளியம்பழத்துக்கே படறவதான நீ."

அவள் சொம்பை என் சொம்பில் கவிழ்த்தாள். நிரம்பி மேலே கொஞ்சம் சிந்தியது. மூன்று பேரும் மண்ணிலிருந்து ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கினோம்.

களைக்கு எல்லாரும் வந்தார்கள். வரும்போதே பச்சையம்மாவும் சின்னபாப்பாவும் மடியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் பானையில் போட்டார்கள். வரிசையாக உட்கார்ந்து, கோரையை வேரோடு கொத்தி, கீரையைத் தனியாக மடியில் கட்டி, பொழுது இறங்குவதற்குள் காட்டை முடித்தோம். மேற்கு மூலை மட்டும் போனது போனதுதான்.

வரப்போரம் மூன்று கல் வைத்து உலை ஏற்றினோம். பல வீட்டு அரிசி ஒரே உலையில் சேர்ந்து வேகுமா? நொய் கரைந்துவிட்டது, புழுங்கல் பாதி வெந்தது, என் சிவப்பரிசி என்னைப் போலவே விறைத்துக்கொண்டு நின்றது. சோறு என்றும் சொல்ல முடியாது, கஞ்சி என்றும் சொல்ல முடியாது. பண்ணைக்கீரையை மசித்து, பெருமாளுக்குக் காட்டி, பிள்ளைகளுக்கு முதலில் போட்டோம். பிறகு எல்லாருக்கும் தேக்கிலையில் ஒரு கரண்டி வந்தது. அவர் இலையை வழித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு ருசியான சோறு என் அம்மா வீட்டிலும் சாப்பிட்டதில்லை.

புரட்டாசி 11, திங்கள்

வாசலில் குரல். "சாலா, சாப்டாச்சா?"

ஆச்சு என்று சொல்லத்தான் வாய் போனது. மங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா."

"எங்க வூட்லயும் இல்ல. பானைய எடுத்துக்கினு வா."

நாலு வீட்டுக்கும் புளியமரத்தடியில் ஒரே அடுப்பு. மங்கையின் மாவுப் பானையையும் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுக் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அதையும் எழுதிவிடுகிறேன். பச்சையம்மா ஒரு ஆட்டைக் கொடுத்துக் கேழ்வரகு வாங்கி வருவதாகச் சொல்கிறாள். சின்னபாப்பா புருஷனும் இவரும் செங்கல் சூளையில் ஆள் எடுக்கிறார்களா என்று பார்க்கப் போயிருக்கிறார்கள்.

புரட்டாசி 20, புதன்

காவேரியக்கா காட்டில் களை. மதியத்துக்குக் கூழ், தண்ணீர் கொஞ்சம் அதிகம். "இது கூழா, மழையா?" என்று கேட்டேன். "குடிச்சிட்டுப் பேசு" என்றாள்.

ஐப்பசி 9

மழை. அடுப்பை எங்கள் வீட்டுக்குள் மாற்றினோம். வீடு முழுக்கப் பிள்ளைகள். ஒரு சட்டி கூழ், ஊருப்பட்ட சத்தம்.

ஐப்பசி 24

கதிர் பால் பிடித்துவிட்டது. மங்கை வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அரைஞாண் முடிச்சை நான் இன்னும் தளர்த்தவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

கார்த்திகை 18

அறுத்து, அடித்து, தூற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அண்டா நிறைந்து, அது போதாமல் ஒரு கோணிச் சாக்கும் நிறைந்தது. கையை முழங்கை வரைக்கும் விட்டுப் பார்த்தேன். மங்கையும் விட்டாள். அவர், "எனக்கு எடம் விடுங்கடி" என்று அவரும் விட்டார்.

மத்தியானம் உட்கார்ந்து இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். பித்தம் என்று எழுதியிருக்கிறேன். வெயில் என்று எழுதியிருக்கிறேன். கயிறு நீண்டுவிட்டது என்று எழுதியிருக்கிறேன். என்னைத் தவிர யாரும் படிக்காத டைரியில்கூட நான் "ஆச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். பித்தமும் இல்லை, வெயிலும் இல்லை. பசி. எனக்கும் பசி, அவருக்கும் பசி, காவேரியக்காவுக்கும் பசி. எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

கார்த்திகை 21

முதல் மாவில் களி கிளறினேன். ஆளுக்கு இரண்டு உருண்டை, மொச்சைக் குழம்பு. மங்கை தட்டிலேயே தூங்கிவிழுந்தாள். நான் மூன்று சாப்பிட்டேன். மூன்றாவது நன்றாகவே இறங்கியது. அரைஞாண் முடிச்சைத் தளர்த்திக் கட்டிவிட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், புளியமரத்துப் பக்கமிருந்து குரல்.

"சாலா! சாப்டாச்சா?"

எட்டிப் பார்த்தேன். காவேரியக்கா அவள் வீட்டு முதல் களியைக் கிளறி இறக்கி, கரண்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எதிரில் இரண்டு தட்டுப் போட்டிருந்தது.

"இல்லக்கா, இன்னும் இல்ல" என்றேன்.

உள்ளே அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமுகிற சத்தம் கேட்டது. நான் முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அக்கா ஒரு உருண்டையைத் தட்டில் வைத்தாள். என் உதட்டோரம் மொச்சைக் குழம்பு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அப்படியும் இன்னொரு உருண்டையை வைத்தாள்.